ஐந்தாவது பெயர்

பிரிஸ்டல், கனெக்டிகட்
12 மார்ச் 1995

என் செல்லம் ஜினெட்டுக்கு,

முதலில் நல்ல சேதிகள். ஆர்மோன் பெரியப்பா மகன் லூக், கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பலின் எந்திரங்களைக் கவனிக்கும் வேலைக்குத் தேறிவிட்டான். நாற்பது பேர் எழுதிய பரீட்சையில் மூன்றாவது. முதல் இரண்டு பேரும் வயதில் பெரியவர்களாம், அதனால் அதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. அவன் அக்கா கொலெட்டுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு மாடி முழுவதற்கும் பொறுப்புக் கொடுத்துவிட்டார்கள். ரெயால் சித்தப்பா மகன் மார்க் இந்தக் குளிர்காலத்தில் ஐஸ் ஹாக்கியில் பதினோரு கோல் போட்டிருக்கிறான். ஒரு பல் போய்விட்டது, ஆனால் கடைவாய்ப் பல்தான், சிரித்தால் தெரியாது. இங்கே உன் அத்தை ஜெர்மெனின் இரட்டையருக்கு ஒன்பது வாரம் ஆகிறது. இரண்டு பேருக்கும் தலை நிற்கிறது. டாக்டரே "கெட்டிக்காரப் பசங்க"ன்னு சொன்னார். எல்லாக் குழந்தைக்கும் அவர் அதைத்தான் சொல்வார் என்கிறாள் ஜெர்மென். அவளுக்குப் பெருமைப்படத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அப்புறம் நீ. ஒன்றாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்பு வரை பட்டியலில் உன் பெயருக்கு மேலே எந்தப் பெயரும் வந்ததில்லை. பரிசு நாடாவைக் குத்திக்கொண்டு நிற்கிற உன் போன வருஷப் படத்தை ஜெர்மென் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். எரிவாயு மீட்டர் பார்க்க வருகிறவன்கூட "இது யாருங்க?" என்று கேட்கிறான். கேட்காவிட்டால் "என் பேத்தி" என்று நானே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் எல்லாரும் சுற்றி நின்று கேட்கிறார்கள், ஆளுக்கு மூன்று நிமிஷம். அதில் எதைப் பேச? அதனால்தான் எழுதுகிறேன். மார்ச் மாதம் கடைசி வருஷத்துப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லித் தாள் கொடுப்பார்கள். இருபத்தாறு வருஷம் அந்தப் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றவளுக்குத் தெரியாதா? கேள். மனையியல் எடு. டைப்ரைட்டிங் எடு. ஒரு மணி நேரம் ஆபீசில் உதவிக்குப் போவதையும் ஒரு பாடமாக எழுதிக்கொள்வார்கள், அதையும் எடு. கண்ணை மூடிக்கொண்டு நூறு வாங்கலாம். முதல் ரேங்க் கைவிட்டுப் போகாது. அடுத்த வருஷம் ஜூன் மாதம், பள்ளி முடிக்கிற விழாவில், முதல் பிள்ளையாக மேடையில் நின்று நீ பேசுவாய். பேப்பரில் படம் வரும். எந்தக் கல்லூரிக்காரன் முதல் பிள்ளையை வேண்டாம் என்பான்? என்னோடு படித்த அல்ஃபோன்சீன் கோர்பின் அன்று முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கவேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

அப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறானா? பூனையை என் கட்டிலில் ஏற விடாதே.

மெமேர்
எக்சில்தா திபடோ


சென்ட் ஒதீல், மெய்ன்
21 மார்ச் 1995

அன்புள்ள மெமேர்,

பூனை உங்கள் கட்டிலில்தான் இருக்கிறது. அப்பா அதைப் பார்த்துவிட்டு "விடு, அம்மா வாசனையைத் தேடுது" என்றார். நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

நீங்கள் சொன்ன தாள் போன செவ்வாயே வந்துவிட்டது. கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள்.

பிப்ரவரியில் கல்லூரிக்காரர்கள் மேசை போட்டு உட்காரும் நாளுக்கு எங்களைப் பேருந்தில் கூட்டிப்போனார்கள் இல்லையா? நான் ஆசைப்படுகிற அந்தத் தென்கடற்கரைக் கல்லூரியின் மேசையில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் இருந்தார். "முதல் ரேங்க் வாங்கினா இடம் கெடைக்குமா?" என்று நேராகவே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "உங்க பள்ளிக்கூடத்துல இருக்கறதுலயே கஷ்டமான பாடம் எது?" என்றார். கால்குலஸ் என்றேன். "அத எடுத்திருக்கியா? நாங்க மொதல்ல பாக்கறது அதத்தான். உங்க ஊர்ல என்ன கெடைக்குமோ, அதுல எவ்வளவு தூரம் போனேங்கறதத்தான். ரேங்க் அதுக்கப்புறம்."

அதனால் கால்குலஸ், இயற்பியல், உயர்நிலை உயிரியல், ஆங்கிலம், நம் பிரெஞ்சு. மனையியல் இல்லை. என் சமையலைப் பற்றி உங்களுக்கே தெரியும்.

போன ஜூலையில் மேற்கு வயல் உருளைக்கிழங்குச் செடியெல்லாம் பத்தே நாளில் கறுத்துப்போனது நினைவிருக்கிறதா? இலையைப் புரட்டினால் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அப்பா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு டிராக்டரில் ஏறினார். அந்த நோய் ஏன் அந்த வயலுக்கு மட்டும் வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்ல முடிகிற ஆளாக நான் ஆகவேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கும் இடம் அந்தக் கல்லூரி. அதற்கு இந்தக் கணக்கு வேண்டுமாம்.

ஐந்து பேர் சேர்ந்தால்தான் கால்குலஸ் வகுப்பு நடக்கும் என்பது சட்டம். சரியாக ஐந்து பேர். மூன்று பையன்கள், ரேச்சல் கோர்பின், நான். ஐந்தாவது பெயர் என்னுடையது. எனக்கு எண்பதுகூட வராமல் போகலாம் மெமேர். ரேச்சல் கணக்கில் என்னைவிடக் கெட்டி. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உங்கள்
ஜினெட்


பிரிஸ்டல்
3 ஏப்ரல் 1995

ஜினெட்டுக்கு,

உன் கடிதத்தைக் கடைசி வரை படித்தேன். இரண்டு தடவை.

கோர்பின் வீட்டுப் பேத்தியா! அவளுக்கு நன்றாக வரும், உனக்கு வராது என்று தெரிந்தே ஒரு பாடத்தை எடுத்து, பதினோரு வருஷம் காப்பாற்றின இடத்தைத் தட்டில் வைத்து நீட்டப் போகிறாயா? இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? மேசை போட்டு உட்கார்ந்த ஒரு வழுக்கைத் தலை! அவர் பெயராவது தெரியுமா உனக்கு?

ஐந்தாம் வகுப்பில் நான் முதல், அல்ஃபோன்சீன் இரண்டாவது. அறுபது வருஷமாக அவள் என் கண்ணை நேராகப் பார்த்துப் பேசியதில்லை. அது சும்மா வந்ததா?

உன் அம்மா இருந்திருந்தால் அவளிடம் பேசியிருப்பேன். உன் அப்பனிடம் பேசினால் "ம்" என்பான். பேசவேண்டிய இடத்தில் பேசிக்கொள்கிறேன். நீ கவலைப்படாதே, நன்றாகச் சாப்பிடு.

இரட்டையரில் பெரியவன் நேற்றுக் குப்புற விழுந்தான். ஒன்பது நிமிஷம் மூத்தவன் அல்லவா.

மெமேர்


சென்ட் ஒதீல்
20 மே 1995

மதிப்புக்குரிய மெமேர் அவர்களுக்கு,

நேற்று அடுத்த வருஷத்து வகுப்புப் பட்டியலை ஆபீஸ் கதவில் ஒட்டினார்கள். என் பெயருக்கு எதிரே மனையியல், இரண்டாம் வருஷ டைப்ரைட்டிங், ஆபீஸ் உதவி. கால்குலஸ் யார் பெயருக்கு எதிரேயும் இல்லை. நால்வர்தான் இருந்தார்கள் என்று வகுப்பையே எடுத்துவிட்டார்கள்.

வழிகாட்டி ஆசிரியர் ஊலெட்டின் அறைக்கு ஓடினேன். உங்கள் கடிதத்தை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினார். சின்ன வயதில் அவர் கேரட்டைச் சாப்பிடாமல் சட்டைப் பையில் ஒளித்து வைத்ததை நீங்கள் மறக்கவில்லை என்று அதில் எழுதியிருக்கிறீர்கள்.

"ஸார், தாளில நான் எழுதினதுதானே இருக்கணும்?"

"மதாம் திபடோ எழுதிட்டாங்களேம்மா."

"ஸார், உங்களுக்கு வயசு எவ்வளவு?"

"நாப்பத்திரெண்டு."

"மெமேர் ரிடையர் ஆகி பத்து வருஷம் ஆச்சு."

"இருக்கட்டும்மா. அந்தக் கரண்டி இன்னும் கண்ணுல நிக்குது."

இதைச் சிரிப்புக்காக எழுதவில்லை. கணக்கு டீச்சர் மதாம் சிருவாவின் அந்த ஒரு மணி நேரத்தை ஒன்பதாம் வகுப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். பேருந்தில் ரேச்சல் கோர்பின் வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. என்னால் நாலு பேருக்கு வகுப்புப் போனது. என்னால் அல்ல, உங்களால்.

எழுத இனி என்னிடம் ஒன்றும் இல்லை.

ஜினெட் திபடோ


பிரிஸ்டல்
4 ஜூன் 1995

ஜினெட்,

"மதிப்புக்குரிய" என்று எழுதினாயே. நான் என்ன பேங்க் மானேஜரா?

உன் நல்லதுக்குத்தான் செய்தேன். நாலு பேருக்கு வகுப்புப் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஐந்து பேர் சட்டத்தை நீ எழுதியிருந்தாய், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ போனால் வேறு ஒரு பிள்ளையைப் பிடித்துப் போடுவார்கள் என்று நினைத்தேன். சமையலறையில் ஒரு ஆள் வராவிட்டால் நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் உன் அப்பா "வெளியில போயிருக்கா" என்றான். பின்னால் தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது. அவன் தட்டுக் கழுவமாட்டான்.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பியிருக்கிறேன். ஜூன் மாதம் என்று தெரியும். பின்னி முடித்துவிட்டேன், என்ன செய்ய?

மெமேர்


சென்ட் ஒதீல்
8 ஜூலை 1995

மெமேர்,

காலுறை வந்தது.

மதாம் சிருவா, பள்ளி தொடங்கும் முன் ஆறே முக்கால் மணிக்கு வந்து கால்குலஸ் நடத்தச் சம்மதித்திருக்கிறார். அவர் வீட்டு ஸ்ட்ராபெர்ரித் தோட்டத்தில் ரேச்சலும் நானும் மூன்று நாள் பழம் பறித்துக்கொண்டே கேட்டோம். மூன்றாம் நாள் "சரி, வாயை மூடிக்கிட்டுப் பறிங்க" என்றார். ஐந்து பேருடைய தாளும், வீட்டுப் பெரியவர் கையெழுத்தோடு, ஆகஸ்ட் முதல் தேதிக்குள் ஆபீசில் இருக்கவேண்டும். நாலு தாள் போய்விட்டது.

அப்பா கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார். "அம்மா ஒண்ணு சொன்னப்புறம் நான் வேறொண்ணு போடறதா? அவங்க போடட்டும்" என்று எழுந்து போய்விட்டார்.

தாளை உள்ளே வைத்திருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்து.

ஜினெட்


பிரிஸ்டல்
16 ஜூலை 1995

ஜினெட்,

உன் தாள் நான்கு நாளாக அலமாரியில் இரட்டையரின் பால் புட்டிகளுக்குப் பின்னால் இருக்கிறது. புட்டி எடுக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்தது.

அதோடு இன்னொரு கடிதமும் வந்தது. அல்ஃபோன்சீனிடமிருந்து. அறுபது வருஷத்தில் அவள் எனக்கு எழுதிய முதல் கடிதம். தபால் நிலையத்தில் நாற்பது வருஷம் உட்கார்ந்தவள், ஒரு தபால்தலை எனக்காக ஒட்டினதில்லை. நாலே வரி. "எக்சில்தா, அஞ்சாங்கிளாசுல நீதான் மொதல். நான் எங்கயும் இல்லேன்னு சொன்னதில்ல. இப்ப அந்தப் பிள்ளைங்களைப் படிக்க விடு. உன் சமையல் எனக்கு ஞாபகம் இருக்கு, உப்பு அதிகம்."

உப்பு அதிகமாம். கையெழுத்து மட்டும் அச்சடித்த மாதிரி.

உனக்கு ஒன்று எழுதுகிறேன். உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. ஆறாம் வகுப்புக்கு நான் போகவே இல்லை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். போனேன். நான்கு வாரம். புதுக் கணக்குப் புத்தகம் கொடுத்தார்கள். பிறகு அறுவடைக்காகக் கிழங்கு விடுமுறை விட்டார்கள். மூன்று வாரமும் வயலில் பொறுக்கினேன். பள்ளிக்கூடம் திறந்த நாளில் என் அம்மாவுக்குப் பிரசவம். தம்பியிடம் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினேன். கொடுக்கிறதற்கு முன் அடுத்தடுத்த பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. யாராவது சொல்லிக்கொடுத்தால் புரியும் என்பது மட்டும் புரிந்தது.

அந்த வருஷம் அல்ஃபோன்சீன் முதல். நான் இல்லாததால்தான் என்று சொல்லிச் சொல்லியே இத்தனை காலம் ஓட்டினேன். அவள் எட்டாவது முடித்தாள், கன்னியாஸ்திரிகளிடம் போய் மேலே படித்தாள். ஊரில் யாருக்கு அரசாங்கத் தாள் வந்தாலும் அவளிடம்தான் கொண்டுபோனார்கள். என் பென்ஷன் தாளை உன் தாத்தா அவளிடம்தான் கொண்டுபோய் நிரப்பிக்கொண்டு வந்தார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார். என்னிடம் யாரும் தாள் கொண்டுவந்ததில்லை. பசியோடு வந்தார்கள். அதுவும் நல்லதுதான், குறை சொல்லவில்லை.

என்னிடம் ஒருவர் நீட்டிய முதல் தாள் உன்னுடையது.

முதல் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், ஜினெட். அந்த இடத்திலிருந்து எங்கும் போகவில்லை. நீயும் அங்கேயே நிற்கவேண்டும் என்று உன் பள்ளிக்கூடத்துக்கு எழுதிப்போட்டிருக்கிறேன், பார்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். முழுப் பெயராகப் போட்டிருக்கிறேன், எக்சில்தா மரி லூயிஸ் திபடோ. கோடு போதவில்லை, கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. தாளை நேராக உன் ஊலெட்டுக்கே, எங்கள் ஜீலுக்கே, அனுப்பியிருக்கிறேன், கூட ஒரு கடிதத்தோடு. "கேரட் விஷயத்தை மன்னித்துவிட்டேன், இனிமேல் அந்தப் பெண் எழுதுகிறதை மட்டும் படி" என்று எழுதியிருக்கிறேன்.

எனக்கு நீ எழுதவேண்டும் என்று கட்டாயம் இல்லை. எழுதினால் நன்றாக இருக்கும்.

மெமேர்


சென்ட் ஒதீல்
9 அக்டோபர் 1995

என் மெமேருக்கு,

ஆகஸ்டிலேயே எழுதியிருக்கவேண்டும். எழுத உட்கார்ந்தேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுத வெட்கமாக இருந்தது. அதனால் இப்போது, கிழங்கு விடுமுறை முடிந்த கையோடு.

எங்கள் வகுப்பு எங்கே நடக்கிறது தெரியுமா? ஆறே முக்காலுக்கு வேறு எந்த அறையிலும் சூடு இருக்காது. அடுப்பு எரிகிற ஒரே இடம் சாப்பாட்டுக்கூடம். உங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, அந்த நீள மேசை. கரும்பலகையை மதாம் சிருவா பால் பெட்டிகள் மேல் சாய்த்து வைத்திருக்கிறார். நீங்கள் வேலைக்குப் பழக்கின பெர்னடெட் உள்ளேயிருந்து கவனித்துக்கொண்டே இருக்கிறார். இரண்டாம் நாள் ஐந்து பேர் முன்னாலும் ஆளுக்கு இரண்டு ப்ளோய் ரொட்டியும் வெண்ணெயும் வைத்தார். "வெறும் வயித்துல இந்தக் கொக்கியெல்லாம் எப்படிப் போடறீங்க?" என்றார். தொகையீட்டுக் குறியைத்தான் கொக்கி என்கிறார். இப்போது நாங்கள் எல்லாருமே கொக்கி என்றுதான் சொல்கிறோம், மதாம் சிருவா உட்பட.

உங்களிடம் மறைக்கமாட்டேன். மூன்று வாரம் கிழங்கு தோண்டும் இயந்திரத்தின் மேல் நின்று, பட்டையில் ஓடிவருகிற கிழங்கிலிருந்து கல்லைப் பொறுக்கினேன். ஒரு கையில் கல், மனதில் கணக்கு. பட்டை நின்ற நேரத்தில் எல்லாம் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பார்ப்பேன். தாள் முழுக்க மண். அப்பா டிராக்டரிலிருந்து "ஏய், புரொபசர்! கல்லு போவுது பாரு!" என்று கத்துவார். பள்ளி திறந்த முதல் வாரமே பரீட்சை. எனக்கு அறுபத்தெட்டு. என் வாழ்க்கையில் அறுபதில் ஒரு எண்ணை நான் பார்த்ததே இல்லை. ரேச்சலுக்குத் தொண்ணூற்று மூன்று. அவர்கள் வீட்டில் கிழங்கு இல்லை, பாட்டி போஸ்ட் ஆபீஸ், அப்பா போஸ்ட் ஆபீஸ்.

அவள் என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அஞ்சாவது கணக்குல கூட்டல்லதாண்டி தப்பு. ஒண்ணாங்கிளாஸ் கூட்டல்! மானத்த வாங்காத" என்றாள். அன்றிலிருந்து பேருந்தில் பக்கத்தில்தான் உட்காருகிறோம்.

விண்ணப்பம் நவம்பர் முதல் தேதிக்குள் போகவேண்டும். இந்த அறுபத்தெட்டும் அதோடுதான் போகும். பயமாக இருக்கிறது, ஆனால் காலையில் எழுந்து போகப் பிடித்திருக்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

காலுறை போட்டிருக்கிறேன்.

ஜினெட்


பிரிஸ்டல்
15 அக்டோபர் 1995

என் செல்லம்,

என் சாப்பாட்டுக்கூடத்திலா! அந்த நீள மேசையின் இடது பக்கக் கால் ஆடும். நான்காய் மடித்த அட்டை வை.

அறுபத்தெட்டைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன். இப்போது சரியாகிவிட்டது. ஜெர்மெனிடம் சொன்னேன். அவள் "கல்லூரியில நான் அம்பத்தொண்ணு வாங்கியிருக்கேன்" என்றாள். இத்தனை வருஷமாக இதை மறைத்திருக்கிறாள்!

பெர்னடெட்டுக்கு எழுதிவிட்டேன். ப்ளோய் மாவை முந்தின நாள் கரைக்கக்கூடாது. கல் புகைய வேண்டும், ஒரு பக்கம் மட்டும்தான் வேகவேண்டும், மேலே கண் கண்ணாகத் திறக்கும்போது எடுக்கணும். ஐந்து பேருக்கு எடுத்துவைத்து மூடினால் வியர்த்துவிடும், ஒவ்வொன்றாகச் சூட்டோடு வைக்கட்டும். கோர்பின் பேத்திக்கு மூன்று வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் ஒல்லி. அவள் பாட்டியும் ஒல்லிதான்.

மெமேர்


சென்ட் ஒதீல்
16 டிசம்பர் 1995

மெமேர், மெமேர்,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். போனில் சொல்லாமல் அப்பாவின் வாயை நான் கட்டிவைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தில்தான் உங்களுக்கு முதலில் தெரியவேண்டும்.

முதலில் கெட்ட சேதி. ரேங்க் பட்டியல் வந்துவிட்டது. ரேச்சல் ஒன்று. நான் இரண்டு. இனி ஜூனுக்குள் மாறாது, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டோம், ரேச்சலே போட்டுக்கொடுத்தாள். மேடையில் பேசப்போகிறவள் அவள்தான்.

இரண்டாவது, எனக்கு இடம் கிடைத்துவிட்டது.

நேற்று மாலை தபால்பெட்டியில் இருந்தது. தடித்த உறை. அப்பா கிழங்குக் கிடங்கிலிருந்து வந்து, கையைக் கழுவி, துடைத்து, அப்புறம்தான் தொட்டார். அவருக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும். முதல் வரியை மூன்று தடவை படித்தார். பிறகு "மேற்கு வயலை என்ன செய்யறதுன்னு இனிமே நீதான் சொல்லணும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டை அவரே கழுவினார்!

அச்சடித்த கடிதத்துக்குக் கீழே கையால் எழுதிய சில வரிகள் இருந்தன. அந்த வழுக்கைத் தலைக்காரர்தான். அவர் பெயர் ஹாலோவே, நீங்கள் கேட்டிருந்தீர்கள். அப்படியே எழுதுகிறேன்: "உங்கள் வழிகாட்டி ஆசிரியரின் கடிதத்தை எங்கள் அறையில் உரக்கப் படித்தோம். முதல் பரீட்சையில் அறுபத்தெட்டு வாங்கிவிட்டு அடுத்ததற்கும் ஆறே முக்காலுக்கு வந்து உட்கார்ந்தவரைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன். சமையலறை மதாமுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும்."

திரு. ஊலெட்டிடம் ஓடினேன். "ஸார், என்ன எழுதினீங்க?"

காது சிவந்துவிட்டது அவருக்கு. "நடந்ததத்தான் எழுதினேன். எங்க பள்ளிக்கூடத்துச் சமையல்கார அம்மா எழுதினதால நான் வகுப்ப எடுத்துட்டேன், அது என் தப்பு. இந்தப் பொண்ணு பழம் பறிச்சு டீச்சரைப் பிடிச்சா. கடைசியில அதே அம்மா கையெழுத்துப் போட்டாங்க. மதாம் எக்சில்தா திபடோ, அஞ்சாம் வகுப்புன்னு பேரையும் எழுதினேன். எழுதாம விட்டா பாதிக் கதை போயிடுமே."

இதைப் படித்துவிட்டு நீங்கள் வருத்தப்படுவீர்களோ என்று எனக்கு ஒரு கவலை. இரண்டாவது ரேங்குக்கு. அதற்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள்.

உங்கள்
ஜினெட்


பிரிஸ்டல்
26 டிசம்பர் 1995

என் தங்கமே,

நீ சொன்னபடி உட்கார்ந்துதான் படித்தேன். பிறகு எழுந்து நின்று, ஜெர்மெனையும் அவள் புருஷனையும் இரட்டையரையும் எதிரே நிறுத்தி வைத்து, மறுபடி படித்தேன். கிறிஸ்துமஸ் பூசைக்குப் போனபோது கைப்பையில் எடுத்துப்போனேன். இந்த ஊர்ப் பாதிரியார் அயர்லாந்துக்காரர், நம் பாஷை தெரியாது. இருந்தாலும் காட்டினேன்.

உண்மையைச் சொல்லச் சொன்னாய். இரண்டு என்று படித்ததும் நெஞ்சில் ஒரு குத்து குத்தியது. பொய் சொல்லமாட்டேன். அடுத்த பாராவுக்கு வந்ததும் அது எங்கே போனது என்று தெரியவில்லை. தேடவும் இல்லை.

ஆனால் ஜீலிடம் ஒன்று சொல்லு. ஐந்தாம் வகுப்பு என்று எழுதினது தப்பு. ஐந்தாம் வகுப்பும் ஆறாம் வகுப்பில் நான்கு வாரமும். கல்லூரியில் இருக்கிற காகிதம் சரியாக இருக்கவேண்டாமா? ஐந்தாம் வகுப்புக்காரியின் பெயரை ஒரு கல்லூரியில் பெரிய பெரிய படிப்பாளிகள் உட்கார்ந்து உரக்கப் படித்திருக்கிறார்கள். நம் வீட்டிலிருந்து அந்தக் கல்லூரிக்குள் முதலில் போன பெயர் என்னுடையது, அப்புறம்தான் உன்னுடையது. இதை அல்ஃபோன்சீனுக்கு எழுதிவிட்டேன். அவள் பேத்தி பேசுகிற நாளில் முன்வரிசையில் எனக்கும் ஒரு இடம் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பக்கத்திலேயே. உப்பைப் பற்றி அங்கே வைத்துப் பேசிக்கொள்வோம்.

ஜூன் முதல் வாரம் வந்துவிடுவேன். இரட்டையர் அதற்குள் நடந்துவிடுவார்கள். பெரியவன் இப்போதே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். சின்னவன் உட்கார்ந்து அவனையே பார்க்கிறான், ஏதோ யோசிக்கிறான். அவன்தான் படிப்பான் என்று தோன்றுகிறது.

ஜூன் வரை காத்திருக்க முடியாத விஷயம் ஒன்று. எனக்கு ஒரு புதுப்படம் வேண்டும். மேடையில் நிற்பதோ நாடா குத்தினதோ வேண்டாம், அது சுவரில் இருக்கிறது, இருக்கட்டும். ஆறே முக்காலுக்கு எடுத்த படம். அந்த நீள மேசையில் நீங்கள் ஐந்து பேரும் இருக்கவேண்டும், புத்தகம் திறந்திருக்கவேண்டும், பலகையில் பெர்னடெட்டின் கொக்கி ஒன்றாவது தெரியவேண்டும். பின்னால் என் ஜன்னல் வரும்படி நிற்கச் சொல்லு. யாரும் சிரிக்கவேண்டாம், கணக்குப் போடுகிற முகமே போதும். இரண்டு பிரதி எடு, ஒன்றை அல்ஃபோன்சீன் வீட்டில் கொடுத்துவிடு. என்னுடையதை மடிக்காமல், நடுவில் கெட்டி அட்டை வைத்து, பள்ளி திறந்த வாரமே தபாலில் போடு. ஆணி அடித்துவிட்டேன்.

மெமேர்